பியானோவுக்கு எதைப் பூசுவது?

"டீச்சர், பியானோவுக்கு என்ன போட்டுத் துடைக்கிறது?"

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று நான் பியானோ பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் சர்ச் செக்ரட்டரியாக இருப்பார், ஸ்கூல் பிரின்ஸிபலாக இருப்பார், பழைய பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துகிற மனேஜராக இருப்பார். பெரும்பாலும் கையில் ஏற்கெனவே ஒரு போத்தலோ ஸ்பிரே டின்னோ இருக்கும். அதைக் காட்டி, "இது போடலாமா?" என்பார்கள். "ஒன்றும் போட வேண்டாம்" என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. இவ்வளவு நல்ல மனதோடு கேட்டோமே, டீச்சர் ஒரு வரியில் முடித்துவிட்டாரே என்று நினைக்கிறார்கள். ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற காரணம் நீளமானது. அதை ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் அந்தப் பளபளப்பு என்ன என்று பார்ப்போம். மலையகத்தில் இன்னும் மிஞ்சியிருக்கிற பழைய பியானோக்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் செய்த, சுவரோடு நிற்கிற நெட்டுப் பியானோக்கள். 1920களுக்கு முன்னால் வந்தவை என்றால், அவற்றின் மேலிருக்கிற மெருகு அநேகமாக பிரெஞ்சு பொலிஷ். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, பொருள் நமக்குத் தெரிந்த அரக்குதான். மரக்கிளைகளில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிற சிறிய பூச்சி ஒன்று சுரக்கிற பிசின். அதைச் சுரண்டி, உருக்கி, வடிகட்டி, மெல்லிய செதிலாக்குகிறார்கள். அந்தச் செதிலை ஸ்பிரிட்டில், அதாவது அல்கஹோலில், ஊறப் போட்டால் கரைந்து தேன் நிறத்தில் ஒரு திரவம் வரும். அதைப் பஞ்சு வைத்த துணியால் மரத்தின் மேல் தேய்த்துத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, எத்தனையோ படலம் ஏற்றினால் வருவதுதான் அந்த மினுக்கம்.

அந்தக் காலத்தில் உலகத்துக்கு அரக்கு கொடுத்த பெரிய நாடு இந்தியா. ஆக, இந்தியக் காட்டில் ஏதோ ஒரு புரச மரத்துக் கிளையில் விளைந்த அரக்கு, கப்பல் ஏறி லண்டன் போய், அங்கே ஒரு பியானோவின் தோலாகி, திரும்பவும் கப்பல் ஏறி கொழும்பு வந்து, மலை ஏறியிருக்கிறது. தோட்ட வேலைக்கு வந்த நம்முடைய ஆட்களும் அதே கடலைத் தாண்டி வந்து அதே மலையைத்தான் ஏறினார்கள். ஒரு பழைய பியானோவின் மேல் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

மலை ஏறிய கதையும் சின்னதல்ல. ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இல், நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல். அதற்கு முன்னால் மேலே வந்த சாமான் எல்லாம் மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும்தான் வந்தது. ரயில் வந்த பிறகும் ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துப் பங்களா வரைக்கும் அதே கதைதான். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியானோக்களைச் சில கம்பனிகள் தனியாகவே செய்தன. பசையை மட்டும் நம்பாமல், மூட்டுகளுக்குப் பித்தளை ஆணியும் திருகாணியும் போட்டு முடுக்கி அனுப்பினார்கள். ஈரத்தில் பசை விட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மேலிருக்கிற அரக்குக்கு அப்படித் திருகாணி போட முடியாதே. அதைக் காப்பாற்றியது பங்களாவில் வேலை செய்த அப்புமாரின் கை. துரையின் வீட்டம்மா வாசித்திருப்பார். தினமும் துணி எடுத்துத் துடைத்தது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து போன நம் ஆட்கள். அந்தக் கட்டையில் ஒரு ஸ்வரம் தட்டிப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இருந்ததில்லை. நூறு வருடம் கழித்தும் சில பியானோக்களின் முகம் தெளிவாக இருக்கிறதென்றால் அது அவர்களுடைய வேலை. இதை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததாக நான் பார்க்கவில்லை, ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெரியப்பா அப்படி ஒரு பங்களாவில் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தளபாடப் பொலிஷ் வேலையைத் தொழிலாகவே பழகியவர். எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். மரத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது பெரியப்பா.

அவர் முதலில் சொல்லித் தந்தது, துடைக்கிறதுக்கு முன்னால் என்ன மெருகு என்று தெரிந்துகொள்வது. விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். மரத்தின் ரேகையும் கண் என்று சொல்கிற நுண்ணிய துளைகளும் லேசாகத் தெரிந்து, பளபளப்பு மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் அரக்கு. கண்ணாடி வார்த்து வைத்ததுபோல ஒரே மட்டமாக, தடிமனாக, முகம் பார்க்கலாம் போல இருந்தால் பொலியெஸ்டர். ஜப்பானிலிருந்து வருகிற கறுப்புப் பியானோக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டுக்கும் நடுவில், 1920களுக்குப் பிறகு வந்த நைட்ரோசெலுலோஸ் லாக்கர் என்று ஒரு வகை உண்டு. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில், விரல் வைத்து வாசிக்கிற கட்டைகளைத் தாங்கும் பலகையின் அடிப்பக்கத்தில், காது குடைகிற பஞ்சுக்குச்சியால் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைக்கலாம். அரக்கு என்றால் கொஞ்ச நேரத்திலேயே பிசுபிசுக்கும். பொலியெஸ்டருக்கு ஒன்றும் ஆகாது.

இது எதற்கு என்றால், பொலியெஸ்டர் பலசாலி, அரக்கு ரொம்ப மென்மையானது. பொலியெஸ்டர் பியானோவைத் துடைக்கிறவர் செய்கிற சின்னப் பிழையை அது தாங்கிக்கொள்ளும். அரக்கு தாங்காது. ஸ்பிரிட் பட்டால் கரையும். காரச் சவர்க்காரம் பட்டால் கரையும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் மங்கும். ஈரம் தங்கினால் வெளுக்கும். சூடு பட்டால் இளகும். இத்தனை பலவீனம் உள்ள பொருளை இவ்வளவு ஈரமான மலையில் வைத்திருக்கிறோம்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பியானோவுக்குக் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது என்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் ஹட்டன், டிக்கோயாப் பக்கமும் மழைக்காலத்தில் ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது சாதாரணம். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் ஜன்னல் வழியாக ஹாலுக்குள்ளேயே வந்துவிடும். நம் வீடுகளில் செருப்பு, பெல்ட், ஹேண்ட்பேக் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கிறதே, அதே பூஞ்சணம் பியானோவிலும் பிடிக்கும். ஆனால் சுத்தமான அரக்கின் மேல் அது அவ்வளவு சுலபமாக வளராது. அதற்குச் சாப்பாடு வேண்டும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, யாரோ அக்கறையாகப் பூசிய எண்ணெய், இவைதான் அதற்குச் சாப்பாடு.

அந்த எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் மிகவும் பரவியிருக்கிற வைத்தியம் அதுதான். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து மரச்சாமானைத் துடைப்பது. துடைத்த அன்று உண்மையிலேயே பளபளவென்று இருக்கும். அலுமாரிக்கும் மேசைக்கும் காலங்காலமாகச் செய்து வருகிறோம், அதனால் பியானோவுக்கும் அதையே செய்கிறார்கள். மண்ணெண்ணெய் பறந்து போய்விடும், தேங்காய் எண்ணெய் காயவே காயாது. அப்படியே மேலே நின்று தூசியை இழுக்கும், கனைத்த வாடை வரும், அதன் மேல் பூஞ்சணம் ஏறும். மறுபடி மங்கிவிட்டதே என்று மறுபடியும் எண்ணெய் போடுவார்கள். சில வருடங்களில் பியானோவின் மேல் ஒரு கறுப்புப் பசைத் தோல் உண்டாகிவிடும். அதைப் பார்க்கிறவர்கள், "பொலிஷ் செத்துப்போச்சு" என்பார்கள். சாகவில்லை. அடியில் உயிரோடு இருக்கிறது. டர்பன்டைன் லேசாக நனைத்த துணியால் ஒரு மூலையைத் துடைத்துக் காட்டினால் சிவந்த மரம் கண் திறந்து பார்க்கும். டர்பன்டைன் எண்ணெயையும் மெழுகையும் எடுக்கும், அரக்கைக் கரைக்காது. இருந்தாலும் மறைவான இடத்தில் சோதித்துப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது, ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும்.

கடையில் விற்கிற தளபாட ஸ்பிரேக்கள் இதைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம். பலவற்றில் சிலிகோன் இருக்கிறது. அடித்த உடனே கண்ணைப் பறிக்கும். சிலிகோன் மரத்தின் வெடிப்பு வழியாக உள்ளே போய்விட்டால், பிறகு மறுபடி பொலிஷ் போடும் நாளில் புதுப் படலம் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். அதோடு, ஸ்பிரே காற்றில் மிதந்து கம்பி மேலும், கம்பியை இறுக்கிப் பிடிக்கிற ஆணிகள் மேலும் படும். அந்த ஆணிகள் மரத்தில் உராய்ந்துதான் நிற்கின்றன. உராய்வு குறைந்தால் சுருதி நிற்காது. மேலே மினுக்கப் போய் உள்ளே பாட்டைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

2020இல் இன்னொன்று வந்தது. தொற்றுக்குப் பயந்து எல்லா இடத்திலும் சனிடைசர். ஒரு பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளை வாசித்து முடித்ததும் கட்டைக்கும் மூடிக்கும் சனிடைசர் அடித்துத் துடைத்திருக்கிறார்கள். அதில் முக்கால்வாசி அல்கஹோல். அரக்கைக் கரைக்கிற அதே அல்கஹோல்தான். மூடியின் விளிம்பு முழுக்க விரல் படுகிற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுருங்கிப் போயிருந்தது. அந்த ஆசிரியை கண் கலங்கினார். பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே செய்தார், அவரைச் சொல்லி என்ன? வாசிக்கிறதுக்கு முன்னால் பிள்ளையின் கையைக் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டால் போதும். சுத்தம் செய்ய வேண்டியது கையை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அந்த நாட்களில் வீட்டில் உயரமான தட்டையான இடம் எது என்று தேடி எல்லோரும் பியானோ மேலேயே மெழுகுதிரியை ஏற்றி வைத்தார்கள். அந்தத் தழும்போடு இன்றைக்கும் பல பியானோக்கள் நிற்கின்றன. மெழுகு வழிந்திருந்தால் கத்தியால் சுரண்டக் கூடாது, சூடு காட்டியும் இளக்கக் கூடாது. நன்றாக இறுகவிட்டு, பழைய டெலிபோன் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் விளிம்பால் பக்கவாட்டில் தள்ளினால் துண்டாகக் கழன்று வரும். மிச்சத்தைத் துணியால் மெதுவாகத் தேய்க்கலாம்.

சரி, எப்படித்தான் துடைப்பது?

துணி முதலில். கழுவிக் கழுவி மெதுவாகிப்போன பருத்தி பெனியன், பழைய சாரம், பிள்ளைகளுக்குக் கட்டிய வெள்ளைத் துணி, இவற்றுக்கு மிஞ்சிய துணி கடையில் கிடைக்காது. தையல் மடிப்பையும் பொத்தானையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். தூசியை முதலில் இறகுத் துடைப்பத்தால் அழுத்தாமல் தட்டி விட வேண்டும். தேயிலை பெக்டரிக்குப் பக்கத்து பங்களாக்களில் பொன் நிறத்தில் ஒரு மெல்லிய பஞ்சுத் தூள் எல்லாவற்றின் மேலும் படியும். ரோட்டோரத்து வீடு என்றால் மணல் தூள். பஞ்சுத் தூள் பரவாயில்லை, மணல் தூளைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மேற்பரப்பு முழுக்கக் கீறல் விழும்.

அடுத்து, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து, இனிமேல் ஒரு சொட்டும் வராது என்கிற அளவுக்குப் பிழிய வேண்டும். பிழிந்த துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார் பெரியப்பா. குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் அளவு. அதைக் கொண்டு மர ரேகை ஓடுகிற பக்கமாகவே நீளமாக, ஒரே வாக்கில் துடைத்துக்கொண்டு போக வேண்டும். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் அந்த வட்டங்கள் வெளிச்சத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு சாண் துடைத்ததும் பின்னாலேயே மற்றக் கையில் காய்ந்த துணி வர வேண்டும். ஈரம் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க விடக்கூடாது, முக்கியமாக விளிம்புகளில். பியானோவின் அழகான வால்நட், ரோஸ்வுட் எல்லாம் வினியர் என்கிற மெல்லிய மரத் தகடாக மேலே ஒட்டியதுதான். அதை ஒட்டியிருக்கிற பழைய வச்சிரப் பசை ஈரத்தில் இளகும். விளிம்பு வழியே தண்ணீர் போனால் வினியர் கொப்புளம் போலக் கிளம்பும்.

விரல் பிசுக்கு போகவில்லை என்றால் ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற மென்மையான திரவத்தில் இரண்டு மூன்று சொட்டு. உடுப்புத் துவைக்கிற பார் சவர்க்காரம் வேண்டாம், அது காரம். பிறகு வெறும் தண்ணீர்த் துணி, பிறகு காய்ந்த துணி. இவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டி, தேவைப்படும்போது மட்டும் ஈரத்துணி எடுத்தால், அரக்குப் பியானோ தானாகவே தன் மெருகைக் காட்டும்.

மூடியின் உள்பக்கத்தில் பொன் எழுத்தில் கம்பனிப் பெயர் இருக்குமே, அங்கே மட்டும் தேய்க்கவே கூடாது. பல பியானோக்களில் அது மெல்லிய படலமாக ஒட்டியது. முதலில் ஓர் எழுத்தின் வால் போகும், பிறகு பெயரே போய்விடும். பித்தளைக் கீலுக்கும் மெழுகுதிரித் தாங்கிக்கும் பிராசோ என்கிற பித்தளைப் பொலிஷ் போடுவதில் எல்லோருக்கும் ஆசை. போடலாம், ஆனால் தாங்கியைக் கழற்றி எடுத்துத் தனியாக வைத்துப் போடுங்கள். கழற்ற முடியாத கீல் என்றால் இரண்டு பக்கமும் மட்டை வைத்து மரத்தை மறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொலிஷ் மரத்தின் கண்ணுக்குள் காய்ந்து வெள்ளையாக நின்றால் எடுப்பது பெரும் பாடு. அதேபோல பங்களாக்களில் தரைக்குப் போடுகிற சிவப்புப் பொலிஷ் பியானோவின் காலில் ஏறியிருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். தரை தேய்க்கிற நாளில் காலைச் சுற்றி ஒரு பழைய துணி கட்டிவிட்டால் தீர்ந்தது.

கட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யானைத் தந்தம் ஒட்டிய கட்டை என்றால் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் அகன்ற பகுதியும் ஒடுங்கிய பகுதியும் சேருகிற இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். தந்தத்துக்கும் அல்கஹோல் ஆகாது, ஊற ஊறத் தண்ணீரும் ஆகாது. மூடியே கிடந்தால் தந்தம் மஞ்சளாகும், அதனால் பகலில் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பது நல்லது. கறுப்புக் கட்டையைத் துடைத்த துணியால் வெள்ளைக் கட்டையைத் துடைக்க வேண்டாம், சாயம் ஏறும்.

பியானோ நிற்கிற இடம்தான் பாதி வைத்தியம். வெளிச் சுவரை ஒட்டி வைத்தால் சுவரின் ஈரம் முழுக்க முதுகில் ஏறும். கை நுழைகிற அளவுக்காவது இடம் விட வேண்டும், முடிந்தால் உள் சுவருக்கு மாற்ற வேண்டும். ஜன்னலுக்கு நேரே வைத்தால் வெயில். குளிர் ஊர் என்பதால் வெயிலைப் பொருட்டாக நினைப்பதில்லை, ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. ஒரு பக்கம் வெளுத்து, அரக்கு பொடிப்பொடியாக வெடித்து நிற்கும். நெருப்பெரிக்கிற அடுப்புள்ள பங்களாக்களில் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பியானோவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் காய்ந்து, ஒரு பக்கம் ஊறி, மரம் முறுக்கிக்கொள்ளும். புகைக் கரி வேறு படியும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், நாள்பட்டால் மெருகோடு ஒட்டியும் கொள்ளும். பருத்தித் துணி போதும். மத்தியானப் பனி இறங்குவதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மேலே பூச்சாடி, படம், ரப்பர் கால் வைத்த விளக்கு எதுவும் வேண்டாம். பூச்சாடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

பூச்சாடியும் கிளாஸும் விட்டுப்போன வட்டங்களைப் பற்றித்தான் அதிகம் பேர் கவலைப்படுகிறார்கள். வெள்ளை வட்டம் என்றால் பயப்பட வேண்டாம். ஈரம் அரக்குப் படலத்துக்குள்ளேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்த நாட்களில் சும்மா விட்டாலே சிலது தானாக மறையும். கறுப்பு வட்டம் என்றால் தண்ணீர் படலத்தைத் தாண்டி மரத்துக்கே போய்விட்டது. அது துணியால் போகிற காரியமில்லை, வேலை தெரிந்த ஆளிடம் விட வேண்டும்.

மறையாத வெள்ளை வட்டத்தைப் பெரியப்பா எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கைப்பிடி அளவு பஞ்சை உருட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, முன்பக்கம் கூராக, அடிப்பக்கம் ஒரு சுருக்கமும் இல்லாமல் முறுக்கிப் பிடிப்பார். ஸ்பிரிட்டைத் துணியின் மேல் விட மாட்டார். துணியைப் பிரித்து உள்ளே பஞ்சில் விட்டு, மூடிப் பிழிந்து, ஒரு கடதாசியில் அழுத்திப் பார்ப்பார். கடதாசியில் ஈரத் தடம் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைய வேண்டும். நின்றால் இன்னும் காயவிடுவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தின் மேல் ஒரே ஒரு வீச்சு. தொட்டதா இல்லையா என்றே தெரியாது. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு வீச்சு. மேல் அரக்கு ஒரு நொடி இளகி, மாட்டியிருந்த ஈரத்தை விட்டுவிட்டு, மறுபடி தெளிந்து இறுகும். "பாப்பா, துணி நிக்கக் கூடாது. நின்னா ஒட்டிக்கும், அப்புறம் தோலோட வந்துரும். ஓடிக்கிட்டே வரணும், ஓடிக்கிட்டே போகணும்" என்பார். படலம் ஏற்றும் வேலை என்றால் அந்தத் துணியின் அடியில் ஒரு சொட்டு லின்சீட் எண்ணெய் தொட்டுக்கொள்வார், வழுக்கி ஓடுவதற்காக. வேலை முடிந்ததும் எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிப் போட விடமாட்டார். லின்சீட் எண்ணெய் காயும்போது தானே சூடேறும், குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போட வேண்டும். இந்த வேலையை வாசகர்கள் வீட்டில் முயல வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய மரத்துண்டில் மாதக்கணக்கில் பழகிய கைக்கே இது வரும்.

இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தின் மேல் காற்றின் ஈரம் இறங்கி, போட்ட பொலிஷ் எல்லாம் பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். அதனால் டிக்கோயா, டிம்புல, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும்தான் நல்ல காலம். ஊவாப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளையில், ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்கும் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும்போது. தேயிலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். டிம்புலத் தேயிலைக்கும் ஊவாத் தேயிலைக்கும் அதி நல்ல சுவை வருகிற பருவம் சரியாக இதே மாதங்கள்தான். கொழுந்தை மணக்க வைக்கிற அதே காய்ந்த காற்றுதான் அரக்கையும் தெளிய வைக்கிறது. பெரியப்பாவும் கலண்டர் பார்த்து வேலை ஒத்துக்கொண்டதில்லை. பெக்டரியில் நல்ல தேயிலை வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

இப்போது நான் வாசிக்கிற சர்ச்சில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பியானோவின் முன்பலகை மங்கிவிட்டது, முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக ஸ்பிரே பண்ணிவிடலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை. "ஒரே நாள்ல முடிச்சிருவாங்க டீச்சர், புதுசு மாதிரி மின்னும்" என்றார் பொருளாளர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், காசும் திரட்டியிருந்தார். நான் எழுந்து நின்று, வேண்டாம் ஐயா என்று கெஞ்சினேன். சாண்ட்பேப்பர் மெஷின் போட்டால் வினியர் எவ்வளவு மெல்லியதென்று மெஷினுக்குத் தெரியாது. ஒரு மூலையில் அது கிழிந்து அடி மரம் தெரிந்தால் ஒட்டுப்போட அதே மரம் கிடைக்காது. ஸ்பிரே தூசி உள்ளே கம்பியைத் தட்டுகிற சுத்தியல்களின் கம்பளியில் படிந்தால் ஒலியே மாறும். எல்லாவற்றையும் விட, அரக்குக்கு இருக்கிற ஒரு குணம் இன்றைய பிளாஸ்டிக் மெருகுகளுக்கு இல்லை: புது அரக்கைப் போட்டால் அது பழைய அரக்கை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். கீறல் விழுந்த இடத்தை மட்டும், மங்கிய இடத்தை மட்டும் சரிசெய்யலாம். இன்னும் ஐம்பது வருடம் கழித்து வருகிற ஒருவரும் அதே மாதிரிச் சரிசெய்யலாம். பொலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் மெருகை ஸ்பிரே பண்ணிவிட்டால் அந்த வழி அடைந்துபோகும். மறுபடி ஒருமுறை முழுக்க உரித்துத்தான் ஆக வேண்டும், அப்போது உரிக்க வினியர் இருக்காது.

விவாதம் கொஞ்சம் சூடாகத்தான் போனது. கடைசியில், முதலில் ஒரு பக்கப் பலகையை மட்டும் துப்புரவாக்கிப் பார்ப்போம் என்று பொருளாளரே சொன்னார். டர்பன்டைன் துணியால் நானும் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தோம். துணி கறுத்துக்கொண்டே வந்தது. பத்துப் பன்னிரண்டு துணி மாற்றியிருப்போம். வால்நட்டின் சுழி சுழியான ரேகை வந்தது. அடியில் அரக்கு இருந்தது. அங்கங்கே தேய்ந்திருந்தது, ஆனால் இருந்தது. பொருளாளர் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பலகைக்குத் தன் வீட்டிலிருந்து பழைய பெனியன் கொண்டுவருவதாகச் சொன்னார்.

மிச்சப் பலகைகளை மழை விட்டதும் துப்புரவாக்குவது, தேய்ந்த இடங்களுக்குத் தை மாதத்தில் பெரியப்பாவின் பழைய சீடர் ஒருவரைக் கூட்டிவந்து பொலிஷ் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. அரக்குச் செதிலாகவே வாங்கி வைக்கிறோம். கரைத்து வைத்தால் நாள்பட்டு, பிறகு பூசினாலும் இறுகாது. அதனால் டிசம்பர் கடைசியில்தான் ஊறப் போடுவோம். துணி சேர்க்கிற பொறுப்பு மாதர் சங்கத்துக்கு.